கட்டிலுக்கு அடியில் ஒரு பாய்

இரவு ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் வருவார். "ஆம்பளைங்க எல்லாம் கிளம்புங்க. ஒரு கேஸுக்கு ஒரு அம்மாதான்." அந்தக் குரல் கேட்டதும் அப்பாக்கள் ஃபிளாஸ்கை ஆட்டிப் பார்ப்பார்கள், வெந்நீர் இருக்கிறதா என்று. பிள்ளையின் காலை ஒருமுறை தொட்டுவிட்டு, கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போவார்கள். அதன் பிறகு கட்டில்களுக்கு அடியிலிருந்து பாய்கள் வெளியே வரும்.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். நெஞ்சுச் சளி முற்றி மூச்சு இளைப்பாகி, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் ஐந்து இரவுகள் இருந்தோம். அவளுடைய இடது கையில் டிரிப்ஸ் ஏற்ற வென்ஃப்ளான் ஊசி போட்டு, கை மடங்காமலிருக்க மருந்துப் பெட்டியின் அட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு சிஸ்டர் வந்து நெபுலைசரில் மருந்தை ஊற்றி, மாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பட்டும் படாமல் பிடித்தால் மருந்து காற்றோடு போகும். அழுத்திப் பிடித்தால் பிள்ளை வீறிடும், இளைப்பு இன்னும் கூடும். அந்தப் பத்து நிமிடமும் ஒரு கையில் மாஸ்க், மறு கையில் அவள் தலை. அதை எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது டாக்டர் அல்ல, சிஸ்டரும் அல்ல. பக்கத்துக் கட்டிலில் வயிற்றுப்போக்குக் குழந்தையோடு நாலு நாளாக இருந்த ஒரு பெண். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவள். "அக்கா, மடியில சாய்ச்சு வச்சுக்கங்க, படுக்க வைக்காதீங்க" என்றாள். "நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க. பாட்டில் முடியறப்ப நான் எழுப்பறேன்." டிரிப்ஸ் தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் குழாயில் ரத்தம் திரும்பி ஏறிவிடும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும்.

சில ஆண்டுகள் கழித்து, 1952-இல் லண்டனில் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தைப் பற்றி விரிவாகப் படிக்க நேர்ந்தது. அதிலும் ஒரு குழந்தை, ஒரு வார்டு, சில இரவுகள். அதில் தாய் மட்டும் இல்லை. அன்றிலிருந்து அந்த வார்டையும் என் வார்டையும் மனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த ஒப்பீடுதான்.

இன்று நம்ப முடியாது, ஆனால் சென்ற நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் நோயுற்ற குழந்தையோடு தாய் தங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்க்க வருவதற்கே கெடுபிடி இருந்தது. 1949-இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களை ஒருவர் திரட்டி வெளியிட்டார். ஒன்றில் ஞாயிறு ஒரு மணி நேரம். இன்னொன்றில் புதனும் ஞாயிறும் ஒவ்வொரு மணி நேரம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுக்கப் பெற்றோர் பிள்ளையைச் சந்திக்கக் கூடாது. மாலை ஏழிலிருந்து எட்டுக்குள் பிள்ளை தூங்கும்போது எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்க மட்டும் அனுமதி.

இதைக் கொடூரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த டாக்டர்களும் செவிலியர்களும் குழந்தைகளை நேசித்தவர்களே. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் போன்ற தொற்றுகள் வார்டு வார்டாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தின் அச்சம் அவர்களுக்குள் இருந்தது. அதோடு அவர்கள் கண்ணால் கண்ட ஒன்றும் உண்டு: தாய் வந்துவிட்டுப் போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிறது. அடங்கிய பிள்ளை தேறிவிட்ட பிள்ளை என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

அந்த அமைதியை வேறு கண்ணால் பார்த்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர், சமூகப் பணியாளர். போர்க்காலத்தில் உளப்பகுப்பாய்வாளர் ஆனா ஃபிராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் மனைவி ஜாய்ஸோடு வேலை பார்த்தவர். பிறகு மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து மருத்துவமனை வார்டுகளில் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்தார். தாயைப் பிரிந்த சிறு பிள்ளை முதலில் எதிர்க்கிறது, பிறகு நம்பிக்கை இழக்கிறது, அதன் பிறகு தாயே வேண்டாம் என்பதுபோல விலகிக்கொள்கிறது என்று அவர் மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார். மருத்துவர்கள் தேறுதல் என்று நினைத்தது அந்த மூன்றாம் கட்டத்தைத்தான். வாயால் சொன்னால் யாரும் நம்பவில்லை என்பதால் கேமராவை எடுத்துக்கொண்டு போனார்.

படத்தின் பெயரே 'இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது' என்பதுதான். குழந்தையின் பெயர் லாரா. வயது இரண்டு வருடம் ஐந்து மாதம். தொப்புள் குடலிறக்கத்துக்குச் சின்ன அறுவை. எட்டு நாள் வார்டில் இருக்க வேண்டும். தனக்கு வசதியான காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தினமும் குறித்த நேரத்தில் படம் பிடித்தார் ராபர்ட்சன். சுவர்க் கடிகாரமும் சட்டகத்துக்குள் தெரியும். லாரா அழுது ஆர்ப்பாட்டம் செய்யும் பிள்ளை அல்ல. வயதுக்கு மீறி அடக்கிக்கொள்கிறாள். இடையிடையே முகம் கோணுகிறது, அம்மாவைக் கேட்கிறாள், பிறகு தானே சமாளித்துக்கொள்கிறாள். எட்டாம் நாள் வீட்டுக்குப் போகும்போது தன் பொருள்களை எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்; அம்மா நீட்டிய கையை மட்டும் பிடிக்க மறுத்துவிட்டு நடக்கிறாள். அந்த மறுத்த கை எனக்குள் பதிந்த அளவுக்கு எந்தப் புள்ளிவிவரமும் பதியவில்லை.

1952 நவம்பரில் லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்தில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, வந்திருந்த மருத்துவர்கள் பலர் கொதித்துப் போனார்கள். இது விதிவிலக்கான குழந்தை, எங்கள் வார்டில் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றார்கள். ஆனால் திரும்பிப் போய்த் தங்கள் வார்டைப் பார்த்தபோது, அந்த முகங்கள் சிலர் கண்ணில் படத் தொடங்கின. ஏழு ஆண்டுகள் கழித்து, 1959-இல், சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு அரசுக்கு அறிக்கை கொடுத்தது. பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சிறு குழந்தைகளோடு தாய் தங்க வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அறிக்கை வந்தும் பல வார்டுகள் அசையவில்லை. அப்போது லண்டனில் பேட்டர்சீ பகுதியைச் சேர்ந்த தாய்மார்கள் சிலர் 1961-இல் ஒரு சங்கமாகக் கூடினார்கள். மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேட்டு, கடிதம் எழுதி, அறிக்கையில் இருந்ததை நடைமுறைக்கு இழுத்து வந்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள்.

இதற்கெல்லாம் வெகு முன்பே, 1925-லேயே, நியூகாசில் நகரின் சிசு மருத்துவமனையில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் தாய்மாரைத் தங்கவைத்து அவரவர் பிள்ளைக்கு அவரவரே பணிவிடை செய்ய ஏற்பாடு செய்திருந்தார். முன்னுதாரணம் கண்ணெதிரே இருந்தும் ஒரு தலைமுறை கடந்துதான் நாடு அதைக் கேட்டது.

இன்று அந்த நாட்டில் குழந்தைகள் வார்டு என்றால் பெற்றோருக்கு மடக்குக் கட்டில் ஒன்று தொட்டிலுக்குப் பக்கத்திலேயே இருப்பது சாதாரணம். எல்லா இடத்திலும் வசதி ஒன்றுபோல் இல்லை, நாற்காலியில் இரவைக் கழிக்கிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் இடம் தர வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. இல்லையென்றால் கேட்கலாம்.

இப்போது நம் பக்கம். நாம் தாயை வெளியே நிறுத்தியதில்லை. மிஷன் ஆஸ்பத்திரி வளாகங்களில் உறவுக்காரர்கள் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிய காலத்திலிருந்தே, நோயாளி என்றால் கூட ஓர் ஆள் என்பதுதான் நமக்கு வழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் போய்ப் படுத்துக்கொள்வாள். அதைச் சட்டம் போட்டு யாரும் அனுமதிக்க வேண்டியதில்லை. லாராவுக்கு மறுக்கப்பட்டது என் மகளுக்கு ஒரு நொடிகூட மறுக்கப்படவில்லை. இரவு எப்போது விழித்தாலும் என் முகம் அவளுக்குத் தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் நம் அரசு மருத்துவமனை, 1952-இன் லண்டனைவிட உயர்ந்த இடம். இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் வழக்கமாக வந்த உரிமைக்கு ஒரு குறை உண்டு. யாரும் போராடிப் பெறாததால், அதில் என்னென்ன அடங்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தாய் இருப்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கே இருப்பாள் என்று வார்டு கட்டியவர் யோசிக்கவில்லை. என் வார்டில் குழந்தைக் கட்டில்களுக்கு இடையே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடம்தான். காலையில் தரை துடைக்க ஆயாம்மா வரும்போது ஐந்து மணிக்கே பாயைச் சுருட்ட வேண்டும். கழிப்பறை வராந்தாவின் கடைசியில். கையில் ஊசியோடு இருக்கும் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அதனால் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். பால் கொடுக்கிறவள் அப்படிச் செய்யக் கூடாது என்று தெரிந்தும். பக்கத்துப் பெண்ணும் அதையேதான் செய்தாள். அவளுக்கு என்னைவிடப் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

இரவு முழுக்க அந்த வார்டில் நடந்த வேலையை எண்ணிப் பாருங்கள். சூடு பார்ப்பது, ஈரத்துணி வைத்து உடம்பைத் துடைப்பது, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டுவது, மூக்கில் சொட்டு மருந்து விட்டுச் சளி எடுப்பது, பாட்டிலைக் கவனிப்பது, ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு லேபுக்கு ஓடுவது. எல்லாம் தாய்மார்கள். இரண்டு சிஸ்டர்கள் அத்தனை கட்டில்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல வாயே வராது. காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கேட்டார்: "நைட் எத்தனை தடவை போச்சு?" செங்கல் சூளைப் பெண் சொன்னாள்: "ஒன்பது தடவை சார். விடியக்காலம் மூணு மணிக்குப் போனதுதான் தண்ணியா இல்ல, கொஞ்சம் கெட்டிப்பட்டுச்சு." டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினார், டிரிப்ஸின் அளவை மாற்றினார். அந்த ஒரு வரித் தகவலுக்காக அவள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. வார்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. பதினாலாம் பெட் அம்மா.

பற்றாக்குறையிலிருந்து தொடங்கி வேறு விதமாக முடிந்த இடம் ஒன்று உண்டு. 1979-இல், அப்போது சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில், செவிலியர் போதாமல் அடிக் லெவின் என்ற மருத்துவர் நோயுற்ற பச்சிளம் குழந்தைகளின் தாய்மாரையே இரவும் பகலும் உள்ளே தங்கவைத்துப் பராமரிக்கச் செய்தார். நம் நிலைமைதான். ஆனால் அவர் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார். செவிலியர்கள் அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களாக மாறினார்கள். அந்த முறையைப் பார்த்துவிட்டுப் போன கனடாக்காரர்கள் அதைத் தங்கள் மருத்துவமனைகளில் முறைப்படி சோதித்தார்கள். பெற்றோர் பயிற்சி பெற்றுக் கவனித்த குழந்தைகளுக்கு எடை கூடுதலாக ஏறியது என்று 2018-இல் அறிக்கை வந்தது. நமக்குச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்துப் பெட் அம்மாவிடம் கற்றுக்கொள்கிறோம். அவள் சரியாகச் சொல்லிக் கொடுத்தால் நம் அதிர்ஷ்டம்.

இதுவரை சொன்னதில் நாம் ஒரு படி மேலே. இதே மருத்துவமனையில் இன்னொரு கதவு இருக்கிறது. அங்கே போனால் கதை தலைகீழ்.

என் தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த பையன் ஆயிரத்து நானூறு கிராம். "கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க" என்றுதான் ஊரில் சொன்னோம். பத்தொன்பது நாள் அவன் உள்ளே. அவள் சிசேரியன் தையலோடு வெளியே பெஞ்சில். இரண்டு மணிக்கு ஒருமுறை எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சிக் கதவருகே கொடுப்பாள். உள்ளே சிஸ்டர் பாலாடையில் புகட்டுவார். கதவு திறந்து மூடும் இடைவெளியில் எட்டிப் பார்ப்பாள், எது தன் பிள்ளை என்று. செயின்ட் தாமஸில் தூங்கும் குழந்தையை எட்டிப் பார்த்த தாய்க்கும் என் தங்கைக்கும் என்ன வித்தியாசம்? காரணமும் அதே பழைய காரணம்: தொற்று. நான் அந்த அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றரைக் கிலோகூட இல்லாத உடம்புக்குள் கிருமி போனால் என்ன ஆகும் என்பது அந்த சிஸ்டர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்த அச்சத்துக்கு இன்று நேரான பதில் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலிருந்தே. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகள், மொத்தம் 3,211 பேர். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வழக்கம்போலத் தனிச் சிகிச்சை. மறு பிரிவில் தீவிர சிகிச்சைப் பகுதிக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். பிறந்த உடனே பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு வைத்தார்கள், ஒரு நாளில் சுமார் 17 மணி நேரம். தனியாக வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அது ஒன்றரை மணி நேரம்தான். 28 நாளுக்குள் இறந்தவர்கள், தனியாக இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 15.7, தாயோடு இருந்தவர்களில் 12. நன்மை அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். தொற்றும் தாயோடு இருந்த பிள்ளைகளிடம் கூடவில்லை; குறைந்தே இருந்தது. 2021-இல் முடிவுகள் வெளியாயின. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் பரிந்துரையில் சேர்த்தது.

அதற்கும் முன்பே, டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பெற்றோரை உள்ளே அழைத்துக் கைகழுவக் கற்றுக்கொடுத்து, பிள்ளையைக் கவனிக்கப் பழக்கிய அனுபவத்தை வைத்து, 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆகவே ஏடு நம்மிடமும் இருக்கிறது. பிளாட் அறிக்கைக்குப் பிறகு பிரிட்டன் இருந்த அதே இடத்தில் நாம் இப்போது நிற்கிறோம்: எழுதியாகிவிட்டது, எல்லாக் கதவும் திறக்கவில்லை.

இரு பக்கமும் பார்க்கும்போது எனக்குப் புரிவது இது. நம் குழந்தைகள் வார்டில் தாய் இருப்பதும், பச்சிளம் குழந்தைப் பிரிவில் அவள் இல்லாததும் ஒரே காரணத்தால்தான். இரண்டு இடத்திலும் அவளைச் சிகிச்சையின் ஓர் அங்கமாக நாம் கணக்கில் எடுக்கவில்லை. வார்டில் ஆள் போதவில்லை, அதனால் இருக்கட்டும். உள்ளே இயந்திரம் இருக்கிறது, அதனால் வேண்டாம். பிரிட்டன் தாயை மறுத்தபோது, அவள் யார் என்ற கேள்வியை எதிர்கொள்ள நேர்ந்தது. பதில் கண்டுபிடித்தபோது கட்டில் கிடைத்தது.

அப்பாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்கு வெளியே போன என் கணவர் ஐந்து இரவும் வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார். பக்கத்துப் பெண்ணின் கணவர் இரண்டாம் நாளே சூளைக்குத் திரும்பிவிட்டார். போகாவிட்டால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: பிறந்த 28 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்ந்து ஏழு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து சிகிச்சை பெறும் சிசுவின் தாய், தந்தை இருவருமே வழக்கமான மகப்பேறு விடுப்புக்கு மேலே 12 வாரம் வரை விடுப்பு எடுக்கலாம். தமிழ்நாட்டில் அரசு ஊழியரான தாய்க்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. நல்ல விஷயம். சூளைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவளின் பிள்ளைக்கு மூச்சு இளைத்தால் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஒரு நாள் விடுப்புகூட எழுத்தில் கிடையாது. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தால் நோயுற்ற சிசுவுக்கு மருந்தும் பரிசோதனையும் வண்டியும் இலவசமாகியிருக்கின்றன. போன கூலியை அது திருப்பித் தராது.

குழந்தைகள் வார்டு கட்ட வரைபடம் போடுகிறவர்கள், அதற்குக் கையெழுத்திடுகிற அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு குழந்தைக் கட்டிலுக்கும் பக்கத்தில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு பெஞ்சு, மெத்தைகூட வேண்டாம். பத்தடி தூரத்தில் ஒரு கழிப்பறை. தாய்க்கும் ஒரு வேளைச் சோறு. பச்சிளம் குழந்தைப் பிரிவுக்குள் தாய் படுக்க ஓர் இடம். இரவில் அப்பாவும் ஒரு மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அனுமதி.

அதுவரை, உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பிள்ளையோடு வார்டில் இருந்தால் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு தூக்கில் சுடுசோறும் ரசமும் கொண்டுபோங்கள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ போய்க் குளிச்சுட்டு ரெண்டு மணி நேரம் படு, பாட்டிலை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள்.